காலால் வாசிக்கும் பியானோ!

என் அக்கா மகளுக்கு அப்போது 11 வயது. பியானோ கிரேடு தேர்வுக்காக ஆறு மாதம் விழுந்து விழுந்து பயிற்சி செய்தாள். வீட்டில் இருப்பது டிஜிட்டல் பியானோ. அதன் அடியில், சோப்புப் பெட்டி அளவில், ஒயர் நீட்டிக்கொண்டு கறுப்பாக ஒரு பெடல் கிடக்கும். அதை மிதித்தால் சத்தம் நீளும், விட்டால் நின்றுவிடும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

தேர்வு அறையில் இருந்ததோ நிஜ பியானோ. பளபளவென்று மூன்று பித்தளைப் பெடல்கள். உட்கார்ந்தாள், வாசித்தாள். விரல்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால், ஒரு ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்த ஸ்வரம் அதன் மேல் ஏறி, அதன் மேல் இன்னொன்று ஏறி... வெளியே வந்தவள் கண் கலங்க, "மாமா, எல்லாம் கூழாயிடுச்சு!" என்றாள்.

தேர்வில் பாஸ்தான். ஆனால், எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. வீட்டில் எப்படி மிதித்தாளோ, அங்கேயும் அப்படியேதான் மிதித்தாள். பிறகு ஏன் கூழானது? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் குழந்தைகளே, இன்று பியானோவின் அடியில் குனிந்து பார்க்கப் போகிறோம்.

வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் நிஜ பியானோ. அதில் மொத்தம் 88 கட்டைகள், கறுப்பும் வெள்ளையுமாக. உள்ளே சுமார் 230 எஃகுக் கம்பிகள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே இருக்கும் சின்னச் சுத்தியல் எம்பி, கம்பியில் ஒரு தட்டு தட்டிவிட்டு உடனே திரும்பிவிடும். கம்பி அதிரும். சத்தம் வரும்.

அப்படியானால், விரலை எடுத்ததும் சத்தம் எப்படி நிற்கிறது? கோயில் மணியை அடித்துவிட்டு, உள்ளங்கையால் பொத்திப் பார்த்திருக்கிறீர்களா? 'டங்' என்ற சத்தம் 'டக்' என்று அடங்கிவிடும் அல்லவா? அதே வேலையைச் செய்ய, பியானோவில் ஒவ்வொரு கட்டைக்கும் மெத்தென்ற கம்பளி ஒட்டிய ஒரு தடுப்பு உண்டு. அதன் பெயர் டேம்பர். கட்டையை அழுத்தினால் டேம்பர் கம்பியை விட்டு விலகும். விரலை எடுத்தால் மறுபடி கம்பி மேல் படுத்துக்கொள்ளும். சத்தம் நின்றுவிடும். (வலது கோடியில் இருக்கும் சுமார் 20 கட்டைகளுக்கு மட்டும் டேம்பர் கிடையாது. அவற்றின் கம்பிகள் ரொம்பக் குட்டை. சத்தம் தானாகவே சட்டென்று அடங்கிவிடும்.)

வலது பெடலை மிதித்தால் என்ன ஆகும்? எல்லா டேம்பர்களும் ஒரே நேரத்தில் மேலே எழும்பிவிடும்! மணிகள் எல்லாவற்றின் மேலிருந்தும் ஒரே சமயத்தில் கையை எடுத்த மாதிரி. இப்போது விரலை எடுத்தாலும் சத்தம் நிற்காது. இதனால்தான் இதற்கு டேம்பர் பெடல் என்றும், சஸ்டெயின் பெடல் என்றும் இரண்டு பெயர்கள்.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. நிஜ பியானோவைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், பெரியவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். வலது பெடலை மிதித்துக்கொண்டு, கட்டை எதையும் தொடாமல், கம்பிகளைப் பார்த்து "ஆ..." என்று உரக்கப் பாடுங்கள். பாடுவதை நிறுத்தினால், பியானோ உள்ளிருந்து மெல்லிய குரலில் "ஆ..." என்று பதில் சொல்லும்! உங்கள் குரலோடு ஒத்துப்போகும் கம்பிகள் எல்லாம் தாமாகவே அதிர்வதுதான் காரணம். சித்தாரில் 'தரப்' என்று சில கம்பிகள் உண்டு. மேலே இருக்கும் கம்பிகளை மீட்டினாலே அவையும் கூடச் சேர்ந்து அதிரும். அதே கதைதான் இங்கேயும். பெடலை மிதித்தவுடன் பியானோவின் சத்தம் நீளுவதோடு, தேன் ஊற்றினது போலச் செழிப்பாகவும் ஆகிறதே, அதற்கு இதுதான் ரகசியம்.

முழங்காலால் ஒரு காலம்

பியானோவை உருவாக்கியவர் இத்தாலி நாட்டு பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. ஃபிளாரன்ஸ் நகரில், 1700-ஆம் ஆண்டு வாக்கில். அவருடைய பியானோவுக்குக் கால் பெடலே கிடையாது. பின்னால் வந்தவர்கள் டேம்பர்களைத் தூக்கக் கைப்பிடி வைத்தார்கள். இரண்டு கையும் கட்டையில் இருக்கும்போது, கைப்பிடியை இழுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? பாட்டை நிறுத்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும்!

அடுத்து வந்தது முழங்கால் பிடி. கட்டைகளுக்குக் கீழே ஒரு பலகை இருக்கும். முழங்காலால் அதை மேலே நெம்பினால் டேம்பர்கள் எழும்பும். இசைமேதை மோட்ஸார்ட் 1777-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் ஊரில் ஸ்டைன் என்பவர் செய்த பியானோக்களை வாசித்துப் பார்த்தார். அந்த முழங்கால் பிடி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், அப்பாவுக்குக் கடிதத்தில் புகழ்ந்து எழுதினார். லேசாகத் தொட்டாலே வேலை செய்கிறதாம்!

லண்டனில் ஜான் பிராட்வுட் என்ற பியானோ தயாரிப்பாளர், 1783-ஆம் ஆண்டு கால் பெடலுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு பெடல் மோகம் பிடித்துக்கொண்டது. 1800-க்குப் பிறகு வியன்னா நகரில் நான்கு, ஐந்து, ஆறு பெடல்கள் வைத்தெல்லாம் பியானோ செய்தார்கள். ஒரு பெடலை மிதித்தால் பியானோவுக்குள் மேளம் 'டம்' என்று அடிக்கும். கூடவே மணியும் குலுங்கும்! துருக்கி ராணுவ வாத்திய இசை அப்போது அங்கே பிரபலம். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இன்னொரு பெடலை மிதித்தால், கம்பிகள் மேல் காகிதம் உரசி 'கர்ர்ர்' என்று கரகரக்கும். நம் தெருவில் சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகி 'டர்ர்ர்' என்று ஓட்டுவோமே, அந்த மாதிரி ஒரு விளையாட்டு! இந்தக் கூத்தெல்லாம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. எனக்கென்னவோ அந்த மேளப் பெடலை மட்டுமாவது விட்டு வைத்திருக்கலாம் என்று தோன்றும்.

கடைசியில் தங்கியவை மூன்று.

இடதும் நடுவும்

இடது பெடல் சத்தத்தை மென்மையாக்கும். பெரிய மேஜை போலப் படுத்திருக்கும் கிராண்ட் பியானோவில், இந்தப் பெடலை மிதித்தால் கட்டைகளும் சுத்தியல்களும் ஒட்டுமொத்தமாகக் கொஞ்சம் வலது பக்கம் நகரும். கண்ணாலேயே பார்க்கலாம். பெரும்பாலான கட்டைகளுக்கு உள்ளே மும்மூன்று கம்பிகள் இருக்கின்றன. நகர்ந்த சுத்தியல் மூன்றில் இரண்டை மட்டுமே நன்றாக அடிக்கும். அதனால் சத்தம் குறைவதோடு, குரலே மாறிப்போகும். பழைய பியானோக்களில் ஒரே ஒரு கம்பியை அடிக்கும் அளவுக்கு நகர்த்த முடிந்தது. அதனால் இத்தாலி மொழியில் 'ஊனா கோர்டா' என்று பெயர். 'ஒரு கம்பி' என்று அர்த்தம். அலமாரி போல நிற்கும் அப்ரைட் பியானோவில் வேறு மாதிரி. சுத்தியல்கள் கம்பிக்குப் பக்கத்தில் வந்துவிடும். தூரம் குறைந்தால் அடியும் மெதுவாகத்தானே விழும்?

நடுப் பெடல் கொஞ்சம் புத்திசாலி. அதன் பெயர் சாஸ்டெனூட்டோ. நீங்கள் எந்தக் கட்டைகளை அழுத்திக்கொண்டு அதை மிதிக்கிறீர்களோ, அந்தக் கட்டைகளின் சத்தம் மட்டும் நீளும். அதற்குப் பிறகு அழுத்துபவை வழக்கம் போல நின்றுவிடும். 1844-இல் பாரிஸ் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். 1874-இல் அமெரிக்காவின் ஸ்டைன்வே நிறுவனம் அதற்குக் காப்புரிமை வாங்கிப் பரப்பியது. அப்ரைட் பியானோக்கள் பலவற்றில் நடுப் பெடலுக்கு வேறு வேலை. சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு கம்பளித் துணியை இறக்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் பயிற்சி செய்யத்தான்!

உண்மையைச் சொல்லட்டுமா? உங்கள் வயதில் நடுப் பெடல் அநேகமாகத் தேவைப்படாது. இடது பெடலும் எப்போதாவதுதான். வலது பெடல்தான் எல்லாம். அதைச் சரியாக மிதிப்பதற்கே பலருக்கு வருடக்கணக்கில் ஆகிறது.

கம்பியே இல்லாத பியானோ

இப்போது நம் வீட்டு டிஜிட்டல் பியானோவுக்கு வருவோம். இதற்குள் கம்பியும் இல்லை, டேம்பரும் இல்லை. நல்ல பியானோ ஒன்றின் ஒலிகளை மெதுவான அடி, ஓங்கிய அடி என்று விதவிதமாகப் பதிவு செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள். நீங்கள் கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கும். (கரண்ட் போனால் கப்சிப்! நிஜ பியானோவுக்கு அந்தக் கவலை இல்லை.)

அப்படியானால் பெடல் எதைத் தூக்குகிறது? எதையும் இல்லை! அது ஒரு செய்தி மட்டும் அனுப்புகிறது. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-ஆம் ஆண்டு 'மிடி' என்ற பொது மொழி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண். வலது பெடலுக்கு 64, நடுப் பெடலுக்கு 66, இடது பெடலுக்கு 67. பெடல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 127 வரை ஓர் எண்ணாகச் சொல்லலாம். 0 என்றால் காலே படவில்லை. 127 என்றால் அடிவரை மிதித்தாயிற்று.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும் மலிவான பெடலுக்கு இந்த 0-வும் 127-ம் மட்டும்தான் தெரியும். நடுவில் ஒன்றும் கிடையாது. வீட்டு விளக்கு சுவிட்சைப் போல, போட்டால் எரியும், அணைத்தால் அணையும். விலை கூடிய டிஜிட்டல் பியானோக்களில் உள்ள பெடலோ, மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி. கொஞ்சம் மிதித்தால் கொஞ்சம், பாதி மிதித்தால் பாதி.

உங்கள் பெடல் எந்த ரகம்? கண்டுபிடிப்பது சுலபம். பெடலை மிதித்துக்கொண்டு, இடது பக்கத்துக் கட்டை ஒன்றை அழுத்திவிட்டு விரலை எடுங்கள். சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது காலை ரொம்ப ரொம்ப மெதுவாக உயர்த்துங்கள். ஏதோ ஓர் இடத்தில் சத்தம் பட்டென்று அறுந்தால் சுவிட்ச் ரகம். கொஞ்சம் கொஞ்சமாக மங்கி அடங்கினால் ரெகுலேட்டர் ரகம்.

என் அக்கா மகளின் கூழுக்கும் இதுதான் காரணம்! வீட்டுப் பெடலில், கால் துளி உயர்ந்தாலே சுவிட்ச் விலகி, பழைய சத்தம் சுத்தமாக நின்றுவிடும். அவள் கால் அந்தத் துளிக்குத்தான் பழகியிருந்தது. தேர்வு அறையிலும் அதே துளிதான் உயர்த்தினாள். ஆனால், நிஜ பியானோவில் அந்தத் துளிக்கு டேம்பர்கள் பாதி தூரம்தான் இறங்கின. கம்பியை முழுசாகத் தொடவே இல்லை. பழைய ஸ்வரம் சாகாமலே புதிய ஸ்வரம் வந்தது. கூழோ கூழ்!

சிலேட்டை எப்போது அழிப்பது?

வலது பெடலை எப்படி மிதிப்பது? புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கட்டையை அழுத்தும் அதே நொடியில் பெடலையும் மிதிப்பார்கள். கையும் காலும் சேர்ந்து 'தொம்' என்று இறங்கும். இயல்பாக வருவது அதுதான். ஆனால், அப்படிச் செய்தால் இரண்டில் ஒன்று நடக்கும். முந்தின ஸ்வரம் பெடலுக்குள் மாட்டிக்கொண்டு கலங்கும். அல்லது, அடுத்த ஸ்வரத்துக்கு முன்னாலேயே காலை எடுத்து, நடுவில் பொத்தல் விழும்.

சிலேட்டில் ஒரு கணக்கு போட்டிருக்கிறீர்கள். அடுத்த கணக்கு எழுத வேண்டும். அழிக்காமல் மேலேயே எழுதினால் குழப்பம். ரொம்ப முன்னாலேயே அழித்துவிட்டால், சிலேட்டு வெறுமையாகக் கிடக்கும். அடுத்த கணக்கு தொடங்கும் அந்தக் கணத்தில்தான் பழசு அழிய வேண்டும். பெடலும் அப்படியே. புதுக் கட்டை இறங்கும்போது கால் மேலே; அது ஒலிக்கத் தொடங்கியதும் கால் கீழே. கை இறங்க, கால் ஏறும். கை அங்கேயே இருக்க, கால் இறங்கும். கிணற்றில் ராட்டினத்தின் இரண்டு பக்கமும் வாளி கட்டி இறைப்பார்களே, ஒன்று இறங்கினால் மற்றது ஏறுமே... அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பியானோவே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, வலது குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். வலது கையை மேஜை மேல் வையுங்கள். '1, 2, 3, 4' என்று நிதானமாக எண்ணுங்கள். 1 என்னும்போது கை மேஜையைத் தட்டட்டும், கால்விரல்கள் மேலே எழும்பட்டும். 2 என்னும்போது கால்விரல்கள் கீழே. 3, 4 சும்மா இருங்கள். மறுபடி 1. முதலில் தலை சுற்றும். சிரிப்பு வரும். ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டு, இன்னொரு கையால் தலையைத் தட்டும் விளையாட்டு மாதிரிதான். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

பிறகு பியானோவில் உட்காருங்கள். ஒரே ஒரு விரல் போதும். ஆள்காட்டி விரலால் ச-வை அழுத்துங்கள். பெடலை மிதியுங்கள். விரலை எடுத்துவிடுங்கள், ச ஒலித்துக்கொண்டிருக்கும். அடுத்து ரி-யை அழுத்தும்போது காலை உயர்த்தி, ரி கேட்டதும் மறுபடி மிதியுங்கள். ஒரே விரலால் தாவித் தாவி வாசித்தாலும், ச, ரி, க, ம நான்கும் மாலை தொடுத்த மாதிரி வர வேண்டும். நடுவில் பொத்தலும் கூடாது. இரண்டு ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டு கேட்கவும் கூடாது. இது வந்த பிறகு, மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் கார்டுகளுக்குப் போகலாம்.

கால் வைக்கும் விதமும் முக்கியம். குதிகால் தரையை விட்டு எழும்பவே கூடாது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைப் பகுதி பெடல் மேல் இருக்கட்டும். உயர்த்தும்போதும் பாதம் பெடலை விட்டுப் பிரிய வேண்டாம். பிரிந்தால் திரும்ப வைக்கும்போது 'டக்' என்று கேட்கும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் கவனியுங்கள்: இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தால் இசை யாருக்கும் கேட்காது. ஆனால், பெடலை நீங்கள் ஓங்கி மிதிக்கும் 'தொம் தொம்' மட்டும் கீழ்வீட்டு மாமாவுக்கு நன்றாகக் கேட்கும்!

கால் எட்டாத குட்டிப் பிள்ளைகள் நாற்காலி நுனிக்கு வழுக்கி வந்து எட்டிப் பிடிக்க வேண்டாம். முதுகு வளைந்துவிடும்; கையும் கெடும். பாதத்துக்கு அடியில் மணை போட்டு, கொஞ்ச காலம் பெடல் இல்லாமலே வாசியுங்கள். பெடலை உயர்த்தித் தரும் பெட்டிகளும் வாத்தியக் கடைகளில் கிடைக்கின்றன.

இன்னொன்று. புதுப் பாட்டை முதலில் பெடல் இல்லாமல்தான் பழக வேண்டும். பெடல் எல்லாவற்றையும் அழகாக ஒட்டித் தருவதால், விரல்கள் சோம்பேறியாகிவிடும். பாட்டுப் புத்தகத்தில் ஸ்வரங்களுக்கு அடியில் 'பெட்' என்ற சுருக்கெழுத்தும், பூ மாதிரி ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கும். முதலாவது 'மிதி', இரண்டாவது 'எடு'. ஆனால், அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் தெரியுமா?

பீத்தோவன் கட்டளை

பீத்தோவன் 1801-ஆம் ஆண்டு எழுதிய ஒரு சொனாட்டாவை இன்று உலகமே 'மூன்லைட் சொனாட்டா' என்கிறது. (அவர் வைத்த பெயர் அல்ல. அவர் இறந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர்.) அதன் முதல் பகுதி முழுவதையும் டேம்பர் இல்லாமல், அதாவது டேம்பர்களைத் தூக்கியபடியே, மென்மையாக வாசிக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்தார் அவர். இன்றைய பியானோவில் அதை அப்படியே செய்து பாருங்கள். கால் மணி நேரம் கொதித்த கூழ்!

பீத்தோவனுக்குக் காது சரியில்லாததால் எழுதிய தப்பா? அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். அவர் காலத்துப் பியானோ மரச்சட்டத்தில், மெல்லிய கம்பிகளோடு செய்தது. சத்தம் சீக்கிரமே மங்கிவிடும். பெடலை எடுக்காமல் வாசித்தாலும் பழைய ஸ்வரங்கள் புகை மாதிரி லேசாகச் சூழ்ந்துகொள்ளும், அவ்வளவுதான். இன்றைய பியானோவுக்கு இரும்புச் சட்டம், தடித்த கம்பிகள். சத்தம் ரொம்ப நேரம் நிற்கும். அதனால், இன்றைய கலைஞர்கள் பலர் பெடலை அடிவரை மிதிக்காமல், பாதியிலோ காலிலோ நிறுத்தி, அந்தப் புகையைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். புத்தகத்தில் இருப்பது ஒரே குறி. பியானோவுக்குப் பியானோ மிதிக்கும் அளவு வேறு.

அறைக்கு அறையும் வேறு. எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் பெடல் குறைவாகப் போதும். மெத்தையும் திரைச்சீலையும் நிறைந்த படுக்கையறையில் கொஞ்சம் கூடத் தேவைப்படும். இடது பக்கத்துத் தடித்த ஸ்வரங்கள் சீக்கிரம் கலங்கும். வலது பக்கத்து மெல்லிய ஸ்வரங்கள் தாங்கும். டிஜிட்டல் பியானோவிலேயே ஒரு சோதனை செய்யலாம். குரலை ஆர்கனுக்கு மாற்றிவிட்டு, பெடலை மிதித்தபடி வாசித்துப் பாருங்கள். பியானோ சத்தம் தானாகவே தேய்ந்துபோகும். ஆர்கன் சத்தம் தேயவே தேயாது. நான்கு ஸ்வரத்திலேயே வீடு முழுக்க லாரி ஹார்ன் அடித்த மாதிரி இருக்கும். அம்மா வருவதற்குள் காலை எடுத்துவிடுங்கள்!

பெடல் தலைகீழாகிவிட்டதா?

வீட்டுப் பெடலில் வரும் சில தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். சில நாள், மிதிக்காமல் இருந்தால் சத்தம் நீளும், மிதித்தால் நிற்கும்! பெடல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சுவிட்ச் பெடலில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மிதித்தால் மின்இணைப்பு சேரும். மற்றதில் மிதித்தால் பிரியும். பல கீபோர்டுகள், கரண்ட் போட்டவுடன் 'இப்போது யாரும் மிதிக்கவில்லை' என்று நம்பிக்கொண்டு, பெடல் எந்த வகை என்று முடிவு செய்கின்றன. அந்த நேரத்தில் உங்கள் கால் அதன் மேல் இருந்தால் எல்லாம் தலைகீழ்! கீபோர்டை அணைத்து, பெடல் ஒயரைச் சரியாகச் செருகி, காலை எடுத்துவிட்டு, மறுபடி போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் ஆகவில்லை என்றால், பெடலின் அடியில் சின்னதாக ஒரு மாற்று சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

மொசைக் தரையில் சோப்புப் பெட்டிப் பெடல் வழுக்கி வழுக்கிச் சுவர் வரை ஓடும். அடியில் ரப்பர் மிதியடி ஒன்றைப் போடுங்கள். மூன்று பெடல்களும் பலகையில் பொருத்திய டிஜிட்டல் பியானோ உங்களுடையது என்றால், குனிந்து அந்தப் பலகையின் அடியைப் பாருங்கள். பலவற்றில் உருண்டையாக ஒரு திருகு இருக்கும். அது தரையைத் தொடும்வரை திருகி இறக்க வேண்டும். தொடாமல் அந்தரத்தில் நின்றால், மிதிக்கும்போதெல்லாம் பலகை வளையும், கிரீச்சிடும்.

பெடலை விடாமல் மிதித்து வேகமாக வாசித்தால், பழைய கீபோர்டுகளில் முதலில் வாசித்த ஸ்வரங்கள் திடீரென்று காணாமல் போகும். ஒரே சமயத்தில் எத்தனை ஸ்வரங்களை ஒலிக்க முடியும் என்பதற்கு ஒவ்வொரு கருவிக்கும் கணக்கு உண்டு. பழையவற்றில் 32 என்றால், நீங்கள் 33-வதை அழுத்தியதும் பழசு ஒன்று வெளியே தள்ளப்படும். இப்போது வருபவற்றில் 64, 128, 256 என்று இருப்பதால் இந்தப் பிரச்சினை குறைவு.

என் அக்கா மகள் என்ன ஆனாள்? சோப்புப் பெட்டியை மாற்றி, ரெகுலேட்டர் ரகப் பெடல் ஒன்று வாங்கினோம். எல்லாக் கீபோர்டும் அந்த ரகத்தை ஏற்காது. எங்களுடையது ஏற்குமா என்று கையேட்டைப் பார்த்துத்தான் வாங்கினோம். முதல் வாரம் அவளுக்கு அழுகையே வந்தது. கால் துளி உயர்ந்தால் போதும் என்ற பழைய பழக்கம் விடவில்லை. அப்போதுதான் என் அம்மா, அதாவது அவளுடைய பாட்டி, உதவிக்கு வந்தார். பாட்டிக்குப் பியானோ தெரியாது. ஆனால், 40 வருடம் தம்பூராவோடு பாடிய காது!

பாட்டி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். கூடத்தில் இவள் வாசிப்பாள். ஸ்வரம் கலங்கினால், அங்கிருந்தே "கூழு!" என்று ஒரு குரல் வரும். நடுவில் பொத்தல் விழுந்தால் "ஓட்டை!" என்று வரும். ஆரம்பத்தில் ஒரு பாட்டுக்கு 15 கூழாவது விழும். இரண்டு மாதத்தில் இரண்டு மூன்றாகக் குறைந்தது.

அடுத்த கிரேடு தேர்வுக்குப் போனபோது, வாசிக்கத் தொடங்கும் முன் அந்தப் பியானோவின் பெடலை ஒரு தடவை மெதுவாக மிதித்து, எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று பார்த்துக்கொண்டாளாம். "எப்படி வாசிச்சே?" என்று கேட்டேன். "ரெண்டு கூழு, ஒரு ஓட்டை மாமா. பாட்டிகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.